பெயர் காக்கும் கற்கள்

இறந்தோரின் பெயரையும் செயலையும் கல்லில் பொறித்து நடுதல் தமிழரின் தொன்மையான மரபு. அக்கல் நடுகல் எனப்பட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்களில் தமிழி எழுத்துகள் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அப்பெயர்களைப் படிக்க முடிகிறது.

பிழைப்பு நாடிக் கடல் கடந்த தமிழருக்கும் நினைவுக்கற்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்தில், தமிழ் இளையோர் இருவர் உறங்குகின்றனர். ஒருவர் சாமி நாகப்பன். காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்ற அவர், கடுங்குளிரில் சாலைப்பணி செய்ய வைக்கப்பட்டார். நுரையீரல் அழற்சியால் 1909 ஜூலை 6 அன்று உயிர்நீத்தார். மற்றவர் வள்ளியம்மை. அவருடைய குடும்பத்தின் வேர் தில்லையாடியில் இருந்தது. வள்ளியம்மையோ ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். ஆயினும் குடும்பத்தின் ஊரே அவர் பெயருக்கு முன்னே நிலைத்துவிட்டது. மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்ற அவர், சிறையில் கடுங்காய்ச்சலுற்று, விடுதலையான பின், 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 16.

அவ்வாண்டு ஜூலை 15 அன்று இருவரின் நினைவுக்கற்களையும் காந்தியடிகள் திறந்து வைத்தார். மூன்று நாள்களுக்குப் பின் தென்னாப்பிரிக்காவை விட்டே புறப்பட்டார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னர், 1997இல் அக்கற்கள் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டன. நெல்சன் மண்டேலாவின் தோழர் வால்டர் சிசுலு அதில் பங்கேற்றார்.

பழைய கற்களைச் சீரமைப்போர் சில நெறிகளைப் பின்பற்றுகின்றனர். முதலில் கல்லை உள்ளவாறே படமெடுத்து, எழுத்துகளைப் படியெடுப்பர். பாசியைத் தூய நீராலும் மென்தூரிகையாலும் அகற்றுவர். அமிலமும் கம்பித்தூரிகையும் கல்லின் மேற்பரப்பை அரித்துவிடும். விரிசலுக்குச் சுண்ணச்சாந்தே ஏற்றது. சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துப் பழங்கல்லைப் பிளக்கும். மங்கிய எழுத்தின்மீது ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால், நிழல் விழுந்து எழுத்துப் புலப்படும். அப்போதும் தெரியாத எழுத்தை ஊகித்துச் செதுக்குதல் கூடாது. அவ்வாறு செதுக்கினால், இறந்தவரின் பெயர் வேறொரு பெயராகிவிடும்.

கல்லில் பொறித்த பெயரும் தானே நிலைப்பதில்லை. அதைத் துடைத்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

அகவை – வயது
தூரிகை – தூய்மை செய்ய உதவும் மயிர்க்கருவி
சுண்ணச்சாந்து – சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த கலவை

பயிற்சி

1. வள்ளியம்மையின் பெயருக்கு முன் தில்லையாடி சேர்ந்தது ஏன்?
2. மங்கிய எழுத்தை ஊகித்துச் செதுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் யாது?
3. செயல்பாடு: தாராவியின் காலா கில்லா கோட்டையில் 1737ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. பெரியவருடன் சென்று, கல்லைத் தொடாமல், அதன் இன்றைய நிலையை ஐந்து தொடர்களில் எழுதுக.