முகம் பாராத குழுவில் நம்பிக்கை

நம் மஹல்லாவில் மென்பொருள் துறையில் இருக்கும் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். உடன் வேலை செய்பவர் ஒருவர் பெங்களூரில், இன்னொருவர் போலந்தில், மேலாளர் அமெரிக்காவில் என்று இருப்பார்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத இவர்கள் ஒருவரையொருவர் எப்படி நம்புகிறார்கள்? இம்மாதப் பாடம் இதுதான்.

வேலைமுறை

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை தந்தார்கள். 'அஜைல்' என்ற பெயர் அங்குதான் நிலைபெற்றது. இம்முறையில் வேலை செய்யும் குழுக்கள் பெரிய வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக முடித்துக் காட்டுகின்றன. தினமும் 15 நிமிடம் கூடிப் பேசுகின்றன.

அறிக்கையுடன் வந்த 12 கோட்பாடுகளில் ஒன்று, ஆர்வமுள்ளவர்களிடம் வேலையைக் கொடுத்து அவர்களை நம்பச் சொல்கிறது. மற்றொன்று, நேருக்கு நேர் பேசுவதே சிறந்தது என்கிறது. பல ஊர்களில் பிரிந்திருக்கும் குழுவுக்கு நேரில் பேசும் வாய்ப்பு இல்லை. ஆகவே எல்லாப் பாரமும் நம்பிக்கையின் மேல் விழுகிறது.

எங்கே உடைகிறது?

ஒரே அறையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் முகவாட்டம் தெரியும். தூரத்தில் இருப்பவருக்கு நம் மௌனம் மட்டுமே தெரியும். அதற்கு ஒருவர் 'சம்மதம்' என்றும், மற்றொருவர் 'அலட்சியம்' என்றும் பொருள் கொள்வார்.

ஒரு பெண் செவ்வாய்க்கிழமை வேலையில் சிக்கிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் கூட்டத்தில் "நடந்துகொண்டிருக்கிறது" என்கிறாள். இரவெல்லாம் விழித்துப் பார்க்கிறாள். ஒன்பதாம் நாள்தான் உண்மை தெரிகிறது. தாமதத்தைக் குழு பொறுத்துக்கொள்ளும். மறைத்ததை மறக்காது. அடுத்த முறை அவள் உண்மையைச் சொன்னாலும் சந்தேகம் வரும்.

அவள் ஏன் சொல்லவில்லை? 'தெரியாது' என்பது வெட்கம், பெரியவர்களிடம் 'முடியாது' என்பது மரியாதைக் குறைவு என்று நாம்தான் வளர்த்திருக்கிறோம்.

பிள்ளைகள் கவனிக்க

1. சிக்கிய அன்றே சொல்லுங்கள். எதை முயன்றீர்கள், என்ன உதவி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
2. ஒப்புக்கொண்ட வேலை அமானிதம். "வியாழன் முடியாது, திங்கள் தருகிறேன்" என்று முன்கூட்டியே சொல்வதும் அதைப் பேணுவதுதான்.
3. உடனே விடை இல்லாவிட்டாலும், "செய்தி கிடைத்தது, நாளை பதில் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள்.
4. கோடையில் சென்னையில் மாலை 6.30 ஆகும்போது நியூயார்க்கில் காலை 9 மணி. அவர்கள் வேலையைத் தொடங்கும்போது படிக்க, எது முடிந்தது, எது பாக்கி என்று எழுதிவைத்துவிட்டு எழுங்கள்.
5. பிறர் பதில் தராவிட்டால் உடனே ஆளைக் குறை சொல்லாதீர்கள். அங்கே நள்ளிரவா, விடுமுறையா என்று பாருங்கள்.

மேலாளராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தினசரிக் கூட்டம் விசாரணை மன்றமானால், யாரும் சிக்கலை வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். முதலில் சொன்னவருக்கு உதவி கிடைத்தால்தான் அடுத்தவர் சொல்வார்.

பெற்றோருக்கு

சாப்பிடும்போது பிள்ளை "இன்று ஒன்றும் புரியவில்லை" என்றால், "இத்தனை படித்தும் இப்படியா?" என்று கேட்காதீர்கள். "யாரிடம் கேட்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். வீட்டில் தயங்காமல் சொல்லப் பழகிய பிள்ளைதான், முகம் தெரியாத குழுவிலும் தயங்காமல் சொல்லும்.