மூட்டையை அவிழ்க்கச் சொன்னால்?

கேள்வி: ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு வேனில் சாமை மூட்டையும் தேன் கேனும் கொண்டுபோகிறேன். லைசென்ஸ் பார்க்க நிறுத்தும் போலீசார் வண்டி முழுக்கக் கிளறலாமா?
– வாசகர், ஜவ்வாது மலை

பதில்: கை காட்டினால் நிறுத்தித்தான் ஆகவேண்டும். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். சீட் பெல்ட் போடவில்லையா, அபராதம் விதிக்கட்டும். அதையே சாக்காக வைத்து மூட்டையை அவிழ்க்க முடியாது. அதற்குக் குற்றம் நடந்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும்.

உங்கள் மலையோ சந்தன மலை. சந்தனக் கட்டை கடத்துவதாக நம்பக் காரணமிருந்தால், 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி வனத்துறையினரும் போலீசாரும் கட்டையை வண்டியோடு பறிமுதல் செய்யலாம். கஞ்சா விஷயத்தில் சட்டம் இன்னும் கறார், போலீசாருக்கும் சேர்த்துத்தான். சாலையில் நின்றாலும் தனியார் வண்டி 'பொது இடம்' ஆகாது என்று 2021இல் பூட்டா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிடைத்த தகவலை எழுதிவைக்காமல் ஜீப்பைச் சோதித்ததால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

ஆனால், சோதனை முறைகேடானது என்பதற்காகவே கிடைத்த பொருள் சாட்சியமாகாமல் போய்விடாது. 1974இல் வந்த பூரண்மல் தீர்ப்பு அப்படி. ஆகவே சாலையில் மல்லுக்கட்டாதீர்கள். காரணம் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, போலீஸ் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது; பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவதும் அதில் பதிவாக வேண்டும். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அத்துமீறினால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.