கைக்கருவி காட்டும் இடமும் கரை சேரும் வழியும்

இத்திங்களிதழை வாசிக்கும் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் தறியையும் கழனியையும் நம்பி வாழ்பவர்கள். கடலில் செல்வோர் கையாளும் ஒரு கருவியைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எதற்கு என்ற ஐயம் எழலாம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்து மீனவர் சங்கங்களுக்குச் செல்லும்போதெல்லாம், 'ஜி.பி.எஸ்.' என்று யாவரும் அழைக்கும் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கைக்கருவியை நாம் காண்கிறோம். அதே கருவியைக் கொண்டு வயலை அளந்து பார்க்கும் விவசாயிகளும் இன்று உண்டு. பொதுப் பணத்தில் வாங்கும் எப்பொருளின் குணத்தையும் குறையையும் அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டும் என்பது கூட்டுறவின் முதற்பாடம். ஆகவே இம்மாதம் இக்கருவியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு சங்கத்தில் நாம் கேட்ட நிகழ்ச்சி இது. இரவில் ஒரு ஃபைபர் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. படகோட்டி கைப்பேசியில் கரையை அழைத்து, கரையிலிருந்து ஏறக்குறைய எட்டு மைலில் இருப்பதாகவும், அட்சரேகை "பதின்மூன்று, ஒன்று இரண்டு ஐந்து" என்றும் சொன்னார். கரையிலிருந்தவர் தமக்குப் பழக்கமான முறையில் 13 டிகிரி 12.5 நிமிடம் என்று எழுதிக்கொண்டார். படகோட்டி கூறியதோ 13.125 டிகிரி. உதவிக்குச் சென்ற படகு எண்ணூருக்கு நேரே தேடிற்று. நின்ற படகு காசிமேட்டுக்கு நேரே மிதந்துகொண்டிருந்தது. விடிந்த பிறகே வேறொரு படகினர் அதைக் கண்டனர். கடல் அமைதியாக இருந்ததால் உயிர்ச்சேதமில்லை. கருவி பொய் சொல்லவில்லை. படகோட்டியும் தவறான எண்ணைச் சொல்லவில்லை. அந்த எண்ணை எப்படி வாசிப்பது என்பதில் இருவருக்கும் முன்கூட்டிய உடன்பாடு இல்லை. பிழை அவ்வளவே.

கருவி வேலை செய்யும் விதம்

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான அணுக்கடிகாரம் உண்டு. ஒவ்வொரு கோளும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலையாக ஒலிபரப்புகிறது. அந்த அலை கைக்கருவியை வந்தடைய எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கோளின் தூரம் கணக்கிடப்படுகிறது. அலை நொடிக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறும். ஆகவே கருவியின் சொந்தக் கடிகாரப் பிழையையும் சேர்த்துத் திருத்துவதற்குக் குறைந்தது நான்கு கோள்கள் தேவை. கருவி திறந்த வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

அமெரிக்க நாட்டினரின் இந்த ஏற்பாடு 1995-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்துத் தரப்பட்ட நுட்பம் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் முழுதாகத் திறந்துவிடப்பட்டது. நம் நாட்டின் 'நாவிக்' ஏற்பாட்டின் முதற்கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது.

எண்ணை வாசிக்கும் முறை

நெசவாளருக்கு இது எளிது. வடக்குத் தெற்காக ஓடும் தீர்க்கரேகைகளைப் பாவு என்றும், கிழக்கு மேற்காக ஓடும் அட்சரேகைகளை ஊடை என்றும் கொள்க. பாவிழை ஒன்றும் ஊடையிழை ஒன்றும் சந்திக்கும் புள்ளியே நாம் இருக்குமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஒரு நிமிடத்திற்கு 60 விநாடி. இவை கடிகார நேரமல்ல, கோண அளவுகள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். அதாவது 1,852 மீட்டர்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்:

13.125 டிகிரி
13 டிகிரி 7.5 நிமிடம்
13 டிகிரி 7 நிமிடம் 30 விநாடி

தசமத்தை 60-ஆல் பெருக்கினால் (0.125 × 60 = 7.5) ஒன்று மற்றொன்றாகும். மேலே கூறிய நிகழ்ச்சியில் 7.5 நிமிடம் 12.5 நிமிடமாகிவிட்டது. வேறுபாடு 5 நிமிடம். எனவே 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்கு மேல். எந்த முறையில் எழுதுவது என்பதைச் சங்கம் தீர்மானம் செய்து, எல்லாப் படகுகளின் கருவியையும் அம்முறையிலேயே அமைத்துவிட்டால் இப்பிழை நேராது.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

துறையை விட்டு நீங்குமுன் கருவியை இயக்கி, அது கோள்களைப் பிடித்தபின் அவ்விடத்தைப் பதிவு செய்க. துறைவாயிலுக்கு வெளியே ஆழமான இடத்தில் மற்றொரு புள்ளியையும் பதிவு செய்க. இந்த இரண்டாம் புள்ளி மிக முக்கியமானது. திரும்பும்போது கருவி நேர்கோட்டில் வழி காட்டும்; நடுவே அலைதடுப்புச் சுவர் உண்டா, கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள் உண்டா என்பதை எளிய கருவி அறியாது. முதலில் வெளிப்புள்ளிக்கு வந்து, பின்பு வாயிலுக்குள் திரும்புவதே முறை.

மாற்று மின்கலங்களை நீர் புகாத உறையில் எடுத்துச் செல்க. கருவியைப் பல நாள் பயன்படுத்தாதபோது மின்கலங்களைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையேல் அவை கசிந்து கருவியைக் கெடுக்கும்.

கருவி சொல்லாதவை

நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவி சொல்லும். பிறர் எங்கே வருகிறார் என்பதைச் சொல்லாது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அப்பால் இரு பெருங்கப்பல்கள் மோதிக்கொண்டு, எண்ணெய் கசிந்து நம் கரைகளில் ஒதுங்கியதை அங்கத்தினர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய கப்பல்கள் போய்வரும் நீரில்தான் நம் சிறு படகுகளும் செல்கின்றன. இரவில் விளக்கும், விழித்திருக்கும் ஒரு கண்ணும் இன்றியமையாதவை.

புயலையும் எளிய கருவி சொல்லாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. 2019-இல் வெளியிடப்பட்ட 'ஜெமினி' என்னும் கருவி, ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கைகளையும் மீன்வளப் பகுதி அறிவிப்புகளையும் செயற்கைக்கோள் வழியாகப் பெற்றுக் கைப்பேசிக்குத் தருகிறது. ஆனால் அது செய்தியைப் பெறுமேயன்றித் திருப்பி அனுப்பாது. ஆபத்தை அறிவிக்க வேறு சாதனம் வேண்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு சொல். சதுரமான 10 சென்ட் நிலத்தின் பக்கம் 66 அடி. சாதாரணக் கைக்கருவியோ பத்துப் பதினைந்து அடி பிசகக்கூடியது. பெரிய வயலின் பரப்பை உத்தேசமாக அறியலாம். வரப்புத் தகராறைத் தீர்க்க இதை நம்பலாகாது.

சங்கத்தின் கடமை

கரையில் ஒரு பதிவேடு வைக்கவேண்டும். படகு, ஆட்கள், புறப்பட்ட நேரம், செல்லும் இடம், திரும்பும் நேரம் ஆகிய ஐந்தையும் அதில் குறிக்க வேண்டும். குறித்த நேரத்தில் படகு வராவிடில் யார் யாரை அழைப்பது என்பதும், கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணும் அதன் முதற்பக்கத்தில் இருக்கட்டும். இடத்தைத் தொலைபேசியில் கேட்டு எழுதுபவர், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டவேண்டும்.

வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பெயரிட்டு, கோபுரத்தையும் புகைபோக்கியையும் நேர்படுத்தி இடமறிந்த மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். கருவி கெட்டுப்போன நாளில் அவ்வறிவே துணை. இளைஞர் கருவியைக் கற்பிக்க, மூத்தோர் கடலைக் கற்பிக்க, மாதம் ஒருமுறை சங்கக் கட்டடத்தில் கூடுவது நலம். பணம் போட்டு ஒரு கருவி வாங்குவதோடு கூட்டுறவு முடிந்துவிடாது. ஒருவர் சொன்ன எண்ணை மற்றவர் சரியாக வாசிப்பதிலும் அது இருக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. 13.2 டிகிரியை டிகிரி, நிமிடமாக எழுதுக.
2. துறைவாயிலுக்கு வெளியே தனிப் புள்ளி பதிவு செய்வது ஏன்?
3. உங்கள் சங்கத்தில் பொதுச் செலவில் வாங்கிய கருவிகளுள் எவற்றைக் கையாள எல்லா அங்கத்தினருக்கும் தெரியும்?