காற்று முந்தியா, டீசல் முந்தியா?

அன்புள்ள தம்பிக்கு,

ஆடி எஸ்கியூ7 டீசலைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். கோபம் ஆறட்டும் என்று சில நாள் விட்டுவைத்தேன். ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ டெஸ்ட் பெட்டில் நின்று கரிப்புகை முகர்ந்தவன். காமன் ரெயில் என்றால் என்ன, டர்போ எதனால் சுற்றுகிறது என்றெல்லாம் உனக்கு வகுப்பெடுக்கும் உத்தேசம் இல்லை. ஒன்றும் தெரியாதவன் எழுதியிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். எல்லாம் தெரிந்தவன் இப்படி எழுதலாமா?

முதலில் அந்தச் சத்தம். மியூனிக்கில் நண்பரின் வண்டியை வாங்கிக்கொண்டு ஏ9 ஆட்டோபானில் இங்கோல்ஸ்டாட் வரை ஓட்டியிருக்கிறாய். எட்டு சிலிண்டர் கர்ஜனை, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது என்று இரண்டு பத்தி. டைனமிக் மோடுக்கு மாற்றியதும் உறுமல் கூடியது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சினின் குரல் எப்படியப்பா மாறும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? எக்ஸாஸ்ட் குழாயோடு ஓர் ஒலிபெருக்கியைச் சேர்த்திருக்கிறார்கள். 2012இல் எஸ்கியூ5 டிடிஐ வந்தபோதே ஆடி தொடங்கிவைத்த வேலை அது. டர்போக்களும் கரி வடிகட்டியும் டீசல் எஞ்சினின் சத்தத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மிஞ்சுவது தடதடப்புதான். இவ்வளவு விலை கொடுப்பவர் அதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாதே என்று மேலே வி8 உறுமலைப் பூசுகிறார்கள். பூசட்டும், வாங்குகிறவர் ரசிக்கட்டும். நீ எழுதுகிறவன். ஸ்பீக்கருக்கு இரண்டு பத்தி, எஞ்சினுக்கு நாலே வரி!

அந்த நாலு வரியிலும் 435 குதிரைத்திறன் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாய். பூச்சியத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5 விநாடிக்குள் போகிறதாம். விளம்பரத் தாளிலேயே இருக்கிறதே. அந்த 1,000 சுற்று எங்கே போயிற்று? 900 நியூட்டன் மீட்டர் டார்க் 1,000 ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்து, 3,250 வரை அப்படியே நிற்கிறது. பெருக்கிப் பார். ஐடிலிங்குக்குச் சற்று மேலேயே 94 கிலோவாட், ஏறக்குறைய 128 குதிரைத்திறன். சாதாரணக் கார் ஒன்று சிவப்புக்கோடு வரைக்கும் கத்தி வாங்கும் சக்தியை இது கொட்டாவி விட்டுக்கொண்டே தருகிறது. இந்த எஞ்சினின் கதை முழுக்க அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. உன் கட்டுரையில் அது இல்லை.

இதே கியூ7 வரிசையில் 2008இல் ஆடி ஒரு 6 லிட்டர் வி12 டீசலைப் போட்டது. 500 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர். 2006இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆர்10 வென்றதே, டீசல் வண்டி அங்கே பெற்ற முதல் வெற்றி, அந்தப் பெருமையைக் கடைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டுச் செய்த எஞ்சின். அதற்கும் முழு டார்க் வர 1,750 சுற்று வேண்டியிருந்தது. 2016இல் வந்த இந்த வி8 வெறும் 4 லிட்டர். கொள்ளளவில் 2 லிட்டர் போயிற்று, டார்க்கில் 100 மட்டும் குறைந்தது, வேலை 750 சுற்று முன்னதாகவே நடக்கிறது. வி12 கர்வத்தில் பிறந்தது, வி8 கணக்கில் பிறந்தது என்பேன். எனக்குக் கணக்கு பிடிக்கும்.

அந்தக் கணக்கை நீ எப்படி முடித்தாய்? ‘டர்போ லேக் இல்லவே இல்லை, மாயாஜாலம்!’ இந்த வரியில்தான் எனக்குத் தலைக்கேறிற்று.

டீசல் எஞ்சினின் தீராத தகராறு காற்றோடுதான் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே இன்ஜெக்டர் எரிபொருளைப் பீச்சிவிடும். காற்று வர வேண்டுமானால் டர்போ சுற்ற வேண்டும். டர்போ சுற்றப் புகைக்கு வேகம் வேண்டும். அந்த வேகம் வர எஞ்சின் முதலில் எரித்தாக வேண்டும். இலை போடுமுன்னே சோற்றைப் பரிமாறுவது மாதிரி. தொப்பூர் மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரிகளின் பின்னால் ஜீப்பில் போவோம். லாரி டிரைவர் கியர் மாற்றி மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கறுப்பாக ஒரு மூட்டை புகை. காற்றுக்கு முந்திக்கொண்ட டீசல் அது. அப்போது புகை மீட்டர் என்றால், எக்ஸாஸ்டிலிருந்து அளந்த புகையை வெள்ளை வடிதாள் வட்டம் ஒன்றின் வழியே உறிஞ்சுகிற கருவி. தாள் எவ்வளவு கறுத்தது என்பதற்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை எண் கொடுக்கும். எங்கள் ஃபோர்மேன் அந்த எண்ணைப் பார்க்கவே மாட்டார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலால் ஓரத்தைத் தேய்ப்பார். பொடியாக ஒட்டினால் காற்றுப் பற்றாக்குறை. வழவழத்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது. சொல்லிவிட்டுத் தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்குப் போய்விடுவார். அவர் சட்டைப் பை எப்போதும் கறுப்புதான்.

அவர் இந்த வி8ஐப் பார்த்திருக்க வேண்டும். டர்போ இரண்டும் வியின் இடுக்கிலேயே உட்கார்ந்திருக்கின்றன. எக்ஸாஸ்ட் உள்பக்கம், காற்று வெளிப்பக்கம். புகை நடக்க வேண்டிய தூரம் குறைவு, சூடும் விரயமாகாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எக்ஸாஸ்ட் வால்வு இரண்டு. ஒன்று முதல் டர்போவுக்கு, இன்னொன்று இரண்டாவதற்கு. தாழ்ந்த சுற்றில் கேம்ஷாஃப்டில் உள்ள கேம் துண்டு நகர்ந்து இரண்டாவது வால்வைத் திறக்கவே விடாது. எட்டு சிலிண்டர் புகையும் ஒரே டர்போவின் தலையில் இறங்கும். 2,200 சுற்றைத் தாண்டியதும் மற்ற வால்வும் திறந்து அடுத்த டர்போ சேர்ந்துகொள்ளும். குழாயில் தனியாக ஒரு பெரிய தடுக்கிதழ் வைத்து இதைச் செய்வது வழக்கம்; இவர்கள் வால்விலேயே முடித்துவிட்டார்கள். இந்த யோசனை எவருக்குத் தோன்றியதோ, அவருக்கு என் கும்பிடு.

அதற்கும் முன்னே ஒரு கால் விநாடி இருக்கிறதே, புகையே வராத அந்தக் கால் விநாடி, அதற்குத்தான் மின்சாரக் கம்ப்ரெசர். இன்டர்கூலரைத் தாண்டி, எஞ்சினின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. புகையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே அதை நீ ‘எலெக்ட்ரிக் டர்போ’ என்று எழுதியதும் தப்பு. 250 மில்லி விநாடிக்குள் 70,000 சுற்றைத் தொடும். 7 கிலோவாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் அதைக் கொடுக்க வேண்டுமானால் 600 ஆம்பியர் பக்கம் வரும், கம்பி விரல் பருமனுக்குப் போகும். 48 வோல்ட் என்றால் 150க்குள் அடங்கிவிடும். பின்னால் டிக்கியின் அடியில் தனியாக ஒரு லித்தியம் பேட்டரி இருப்பது இதற்காகத்தான். இதில் மாயாஜாலம் எங்கே இருக்கிறது?

இவ்வளவு திட்டியபின் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பினாய், பக்கத்து இருக்கையில் படுத்திருந்த தண்ணீர்ப் பாட்டில் அசையவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த மூன்று வாக்கியத்துக்காக உன் மற்ற பாவங்களை மன்னிக்கலாம். தமிழில் கார் பற்றி நான் படித்தவற்றில் அதற்கு ஈடாக வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இரண்டே கால் டன் வண்டியின் உடம்பு சாயவில்லை என்பதை ஒரு பாட்டிலை வைத்துக் காட்டிவிட்டாய். ஏன் சாயவில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா? ஆண்டி-ரோல் பாரை நடுவில் இரண்டாக வெட்டி, இடையில் மோட்டாரும் கியரும் வைத்திருக்கிறார்கள். நேரே போகையில் இரண்டு பாதியும் தனித்தனி. இடப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலப்பக்கத்துக்குச் சேதி போகாது. வளைவில் மோட்டார் இரண்டையும் எதிரெதிராக முறுக்கும், 1,200 நியூட்டன் மீட்டர் வரை. அதே 48 வோல்ட்தான் இதற்கும்.

நாசூக்குக்காக நீ விட்டுவிட்ட சங்கதி ஒன்று உண்டு. இந்த வண்டி வெளிவந்தது 2016 தொடக்கத்தில். அதற்குச் சில மாதம் முன்பு, 2015 செப்டம்பர் 18 அன்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகனுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சோதனை அறையில் ஒரு முகம், சாலையில் இன்னொரு முகம் காட்டும் மென்பொருள். நவம்பரில் ஆடியின் 3 லிட்டர் வி6 டீசலும் அந்தப் பட்டியலில் ஏறியது. டெஸ்ட் பெட்டில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதைவிடக் கேவலமான செய்தி வேறென்ன? ‘அது வேறு எஞ்சின், வேறு கதை’ என்று நீ சொல்வாய். கதை ஒன்றுதான். காற்றைக் கொட்டினால் கரி போய்விடும். ஆனால் சூடும் ஆக்சிஜனும் மிகுந்த அந்த எரிப்பில் நைட்ரஜன் ஆக்சைடு கிளம்பும். ஃபோர்மேனின் வடிதாளில் அது தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அதைத் தீர்க்க யூரியாக் கரைசல் வேண்டும், 32.5 சதவீதம், ஆட்புளூ என்று விற்கிறார்களே அதுதான். அதற்கொரு தொட்டி, பம்பு, கேட்டலிஸ்ட் என்று செலவுக்கு மேல் செலவு. இதே வி8ஐ வாங்கிப் போட்டு, தன் முதல் டீசல் என்று பென்ட்லி 2016இல் கொண்டாடிய பென்டேகா டீசலை 2018இலேயே ஐரோப்பாவில் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு போர்ஷே டீசலுக்கே முழுக்குப் போட்டது. 2020இல் ஐரோப்பாவில் எஸ்கியூ7உம் பெட்ரோலுக்குப் போய்விட்டது. காற்றுத் தகராறை இவ்வளவு அழகாகத் தீர்த்த எஞ்சினுக்கு அங்கே நாலே வருட ஆயுள். இதைச் சொல்லாமல் மசாஜ் சீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

அந்த நண்பர் வண்டியை இன்னும் விற்கவில்லை என்றால் ஒருநாள் மறுபடி வாங்கு. ஸ்பீக்கர் அடங்கும்படி மோடை மாற்று. மேனுவலில் நாலாவது கியர், 1,200 சுற்று, லேசான ஏற்றம். கிக்டவுன் ஸ்விட்சைத் தொட்டுவிடாமல் ஆழமாக மிதி. அடுத்த ஒரு விநாடியில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் ஒரு பக்கம் எழுது. அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய டெஸ்ட் பெட் அண்ணன்