பொடி கிட் வேலை: கழற்றிப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

வாகனத் திருத்தத் தொழிலில் புதிதாக இறங்கும் நம் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான். "நானா, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பொடி கிட்டைச் சரிசெய்து பெயின்ட் அடித்துக் கொடுக்க எவ்வளவு கேட்கலாம்?" கிட் காரில் மாட்டியிருக்கும் வரை அதற்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. தொலைபேசியில் படம் பார்த்து விலை சொல்பவர் ஒன்றில் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார், இல்லையென்றால் தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்கிறார். ஏன் அப்படி என்பதை இந்த வாரம் வேலையின் வழியாகவே பார்ப்போம்.

முதலில் இந்த வேலைக்குச் சந்தை இருக்கிறதா? இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வயதெல்லை இருப்பதால் தொண்ணூறுகளின் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களை இனிப் புதிதாகக் கொண்டுவர வழியில்லை. நாட்டில் உள்ள செலிகா, பிரெலூட், எஃப்டிஓ போன்றவற்றை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பிள்ளைபோல் பார்க்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் தேடினாலும் முழுக் கிட் கிடைப்பது அரிது. ஆகவே உடைந்ததை எறிய முடியாது, திருத்தத்தான் வேண்டும்.

எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொடி கிட் என்பது முன் பம்பர் அல்லது அதன் கீழ் உதடு, இரு பக்க ஸ்கேர்ட், பின் பம்பர் அல்லது அதன் கீழ்ப்பகுதி, சில வேளை ஒரு ஸ்பொய்லர். ஒரே காரில் இவை நான்கும் நான்கு வகைப் பொருளாக இருக்கலாம். கண்ணாடி நார் பதித்த பைபர், ஏபிஎஸ் பிளாஸ்டிக், பொலிப்ரொப்பிலீன், பொலியுரேத்தேன் ஆகியவையே பெரும்பாலும் வருபவை. பெயின்ட் அடித்த முகப்பக்கம் நான்கிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பின்பக்கம்தான் உண்மை பேசும். பைபர் என்றால் பின்னால் நார் தெரியும், தட்டினால் காய்ந்த ஓசை வரும், உடைந்த விளிம்பு ஊசிபோல் கையில் ஏறும். பிளாஸ்டிக் என்றால் உட்புறத்தில் 'பிபி', 'ஏபிஎஸ்', 'பியுஆர்' என்ற ஆங்கில எழுத்துகளை இரு கூர்க்குறிகளுக்கு நடுவே அச்சில் வார்த்திருப்பார்கள். எழுத்து அழிந்திருந்தால் மறைவான இடத்தில் சிறு துண்டு சீவித் தண்ணீரில் போடுங்கள். பொலிப்ரொப்பிலீன் பெரும்பாலும் மிதக்கும், மற்றவை அமிழும்.

இதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போடுவதால்தான் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர். பொலிப்ரொப்பிலீன் பம்பரில் பைபர் ரெசின் ஒட்டாது. ஒட்டியதுபோல் இருக்கும், மூன்றாம் மாதம் தோலாக உரிந்து வரும். அதை அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியால் சூடுகாட்டி வெல்ட் செய்ய வேண்டும், பெயின்டுக்கு முன் அதற்குரிய பிளாஸ்டிக் பிரைமரும் போட வேண்டும். ஏபிஎஸ்ஸை வெல்ட் செய்யலாம், அல்லது அதே பிளாஸ்டிக்கின் சீவல்களை அசிட்டோனில் கரைத்துப் பசையாக்கி நிரப்பலாம். பொலியுரேத்தேன் வளையும் தன்மையுள்ளது, சூட்டில் உருகி இணையாது. அதற்கு வளையக்கூடிய இரு கலவைப் பசைதான் சரி. பைபர்தான் நம் பட்டறைகளுக்கு அதிகம் வருவது, அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

பைபர் வெடிப்பை மூடும் முறை

சென்ற வருடம் என்னிடம் வந்த சிவப்பு செலிகா ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1993 முதல் 1999 வரை தயாரிக்கப்பட்ட, நான்கு வட்ட முன்விளக்குள்ள ஆறாம் தலைமுறை மொடல். கம்பனி பம்பரை எடுத்துவிட்டு யாரோ பைபர் பம்பர் போட்டிருந்தார்கள், பக்க ஸ்கேர்ட்டுகளும் பைபர். முன் பம்பரின் வலது மூலையில் ஒரு கை நீள வெடிப்பு. வெளியே பார்த்தால் அவ்வளவுதான். கழற்றித் திருப்பியபோது அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு திருத்தம் நடந்திருந்தது. முன்பு செய்த பட்டறை பின்னால் ஒரு துண்டு நார்கூட வைக்கவில்லை. முகப்பக்கத்தில் விரல் கனத்துக்குக் கட்டலோய் அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறது. கட்டலோய் இடைவெளியை நிரப்பும், ஆனால் பாரம் தாங்காது. இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அதைப் போடுவதே தவறு. நம் வீதிகளின் குலுக்கலிலும் வெயிலிலும் அது கழன்று போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரியான முறை பின்பக்கத்தில் தொடங்குகிறது. வெடிப்பின் இரு முனைகளிலும் மூன்று மில்லிமீற்றர் துளை போடுங்கள், வெடிப்பு அதற்கு மேல் ஓடாது. பின்புறத்தில் வெடிப்பின் இரு பக்கமும் ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் வரை 80ஆம் இலக்கத் தாளால் பளபளப்புப் போகச் சுரண்டுங்கள். காய்ந்த பைபருடன் புதிய ரெசின் கலந்து ஒன்றாகாது, கீறலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். எனவே சுரண்டாத இடத்தில் ஒட்டுவது வீண்வேலை. தூசியைத் துடைத்து, அசிட்டோன் துணியால் எண்ணெய்ப் பசை எடுத்து, முகப்பக்கத்தில் துண்டுகளைச் சரியான வளைவில் பிடித்து நிறுத்திய பிறகே நார் வைக்க வேண்டும். கோணலாக ஒட்டிய பம்பரைப் பிறகு எந்தப் புட்டியாலும் நேராக்க முடியாது.

நாருக்கு, சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மெட் இரண்டு மூன்று அடுக்கு போதும். மெட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ஹார்ட்னரை ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு கலப்பது பொது விதி. கொழும்பு வெயிலில் ஒரு பங்கே தாராளம். அதாவது அரைக் கிலோ ரெசினுக்கு ஐந்து கிராம். கண்ணளவில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒரு சிறிய தராசு வாங்குங்கள். இன்னொன்றை உயிருக்காகச் சொல்கிறேன். ரெசினை வேகமாக இறுகச் செய்யும் கோபோல்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பற்றி வெடிக்கும். இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைப்பதைக்கூட நான் அனுமதிப்பதில்லை.

பின்பக்கம் இறுகிய பிறகு முகப்பக்கத்தில் வெடிப்பை 'வி' வடிவில் அகலமாகக் குடைந்து, அங்கும் நார் வைத்து நிரப்பி, கடைசியில்தான் மெல்லிய கட்டலோய். பிறகு அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் வெயிலில் விடுங்கள். ரெசின் இறுகிய பின்னும் மெதுவாகச் சுருங்கும். உடனே பெயின்ட் அடித்தால் ஒரு மாதத்தில் நாரின் கோலம் பெயின்டுக்கு மேலே தெரியும், கறுப்பு நிறத்தில் இன்னும் மோசம். கட்டலோயையும் பெயின்ட் போகத் தேய்த்த பைபரையும் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது சில பட்டறைகளில் வழக்கம். இரண்டும் ஈரத்தைக் குடித்து வைத்து, பிறகு கொப்புளமாக வெளியே தள்ளும். பிரைமர் மூடும் வரை காய்ந்த தாள்தான்.

ஸ்கேர்ட்டுக்குப் பின்னால்

அந்த செலிகாவில் உண்மையான பிரச்சினை பம்பரில் இல்லை. பக்க ஸ்கேர்ட்டைக் கழற்றியபோது சிவப்புத் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. ஸ்கேர்ட்டைப் பொருத்தியவர்கள் கதவின் கீழுள்ள இரும்புப் படியில் வரிசையாகத் துளைபோட்டு ஸ்குரூ முடுக்கியிருந்தார்கள். துளை ஓரத்தில் துருத் தடுப்பு எதுவும் இல்லை. படியின் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்களையும் சிலிக்கனால் அடைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் உள்ளே தங்கி, இடது படியில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போகுமளவுக்கு அரித்துவிட்டது. கூரையும் கதவும் உள்ள காரில் இந்தப் படி அலங்காரமல்ல, உடலின் பலமே அதில் பாதி தங்கியிருக்கிறது. பக்கத்திலிருந்து ஒரு வாகனம் மோதினால் முதலில் நிற்பதும் அதுதான்.

உரிமையாளர் ஓர் இளைஞர். அடுத்த மாதம் காரை விற்க எண்ணியிருந்தார். "நானா, அதை அப்படியே மூடி, மேலால அடிச்சுத் தாங்க. வாங்குறவர் கழற்றியா பார்க்கப் போறார்?" என்றார். அவர் கெட்டவர் அல்ல, பணமுடை. நான் படங்களை எடுத்துக் காட்டி, "தம்பி, பம்பரை மட்டும் செய்து தரச் சொன்னால் செய்கிறேன். இதற்கு மேல் ஸ்கேர்ட்டை என் கையால் மாட்ட மாட்டேன்" என்று சொன்னேன். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நபி (ஸல்) அவர்கள், அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருவது நாம் அறிந்ததே. பொடி கிட்டைப் போல அந்த ஹதீஸுக்குப் பொருந்தும் பண்டம் வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியாது. மறைப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

அவர் ஒன்பது நாள் யோசித்தார். அதற்குள் இன்னொரு பட்டறையில் மூடித் தருவதாகச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். பிறகு திரும்பி வந்து, அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்யச் சம்மதித்தார். உள்ளே துருத் தடுப்பு மெழுகு அடித்தோம், வடி துவாரங்களைத் திறந்துவிட்டோம். ஸ்கேர்ட்டின் மேல்விளிம்புக்கு வாகனங்களுக்குரிய இருபக்கப் பசை நாடா, கீழே ஏற்கெனவே இருந்த துளைகளில் பிரைமர் பூசி பிளாஸ்டிக் கிளிப். புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. விற்கும்போது படங்களை வாங்குபவரிடம் காட்டினார். அவர் எதிர்பார்த்த விலையிலிருந்து கொஞ்சம் குறைந்தது உண்மைதான். அந்தக் காரை வாங்கியவரே இப்போது பின் ஸ்பொய்லர் வேலைக்கு என்னிடம் வந்திருக்கிறார்.

பெயின்ட்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயின்டுக்கு முன் எல்லாப் பாகத்தையும் ஒருமுறை காரில் மாட்டி இடைவெளி பாருங்கள். பெயின்ட் அடித்த பின் விளிம்பு தேய்ப்பது இரட்டைச் செலவு. பிரைமரை 320இலும் நிறத்துக்கு முன் 600 வரையும் தேய்த்தால் போதும். வளையும் பாகங்களுக்குப் பெயின்டில் வளைவுச் சேர்மானம் கலக்க வேண்டும். நிற இலக்கம் காரின் தகட்டில் இருக்கும், ஆனால் முப்பது வருட வெயிலில் சிவப்பு மங்கியிருக்கும். பக்கத்திலுள்ள மட்காட்டைக் கொம்பவுண்ட் போட்டு மினுக்கிய பிறகு, அதோடு ஒப்பிட்டு, ஓர் அட்டையில் அடித்து வெயிலிலும் நிழலிலும் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் பெயின்ட் வேலையைக் காலையோடு முடித்துவிடுங்கள், கொம்பிரசர் தாங்கியின் தண்ணீரைத் தினமும் வெளியேற்றுங்கள். இரு கலவைப் பெயின்டின் ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். கடையில் வாங்கும் காகித முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயால் தரும் முகமூடிக்குச் செலவழிக்க மனமில்லாதவர் பெயின்ட் வேலையை வெளியே கொடுத்துவிடலாம்.

விலை சொல்லும் முறை

மேற்படி காரில் வெல்டிங் நீங்கலாக ஏறக்குறைய 44 மணித்தியாலம் போனது. பெயின்ட் கன் கையில் இருந்தது அதில் மூன்று மணித்தியாலத்துக்குக்கூட வராது. வாடிக்கையாளர் பார்ப்பதும் பேரம் பேசுவதும் அந்த மூன்றுக்குத்தான். எனவே நான் விலையை இரண்டாகப் பிரிக்கிறேன். முதலாவது, கழற்றிக் கழுவிப் பார்க்கும் கூலி. இது சிறிய, நிலையான தொகை, வேலை தராவிட்டாலும் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பின்பக்கத்தை அவர் கண்ணால் கண்ட பிறகு எழுதிக் கொடுக்கும் முழுக் கணக்கு. பாகம் பாகமாக, பொருளின் வகையுடன். கூலி வேலையில் வேலையும் கூலியும் இரு தரப்புக்கும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது இஜாராவின் நிபந்தனை. மூடிய கிட்டுக்குச் சொல்லும் விலையில் அந்தத் தெளிவு எங்கே இருக்கிறது?

கணக்கில் செல்லுபடியாகும் திகதியும் போடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, திகதி போடாமல் வாக்குக் கொடுத்தவர்கள் ரெசினும் தின்னரும் கைக்காசில் வாங்கி வேலை முடித்தார்கள். நான் ஏழு நாள் போடுகிறேன். பொருட்செலவை முற்பணமாக வாங்குகிறேன், கூலியை முடிவில். உத்தரவாதத்தையும் அதே தாளில் எழுதுகிறேன்: திருத்திய வெடிப்புக் கோடு ஆறு மாதத்துக்குள் திறந்தால் இலவசம், கல்லில் இடித்தால் இல்லை. 2025 ஜனவரியில் பொலிஸார் வாகனங்களில் சட்டவிரோதமாகப் பொருத்திய உபகரணங்களைக் கழற்றும் நடவடிக்கையில் இறங்கிய பிறகு இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: கூர்விளிம்புள்ள, சில்லை மறைக்காத, இலக்கத் தகட்டை மூடும் பாகம் எதையும் இந்தப் பட்டறை பொருத்தாது. தாளின் இரண்டு பிரதியிலும் அவர் கையொப்பம், என் கையொப்பம். அவரது பிரதியுடன் பின்பக்கப் படங்களும் போகும்.