ரிமூவ் கொடுத்தால் போகாது

கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கவுண்டர் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்ததும் வருகிற பட்டியலை அப்படியே விட்டுவைக்காதீர்கள். எதை அடிக்கடி திறக்கிறோமோ அதை விண்டோஸ் 7 தானாக அங்கே ஏற்றிவிடும். வழக்கமாக 10 பெயர்கள் நிற்கும். எதைத் தொட்டால் வம்பு என்பது அதற்குத் தெரியாது.

என் மருந்துக்கடையில் பில்லிங் தனி. பேக்கப் எடுப்பதும் திரும்ப ஏற்றுவதும் இன்னொரு புரோகிராம். தினமும் கடை அடைக்குமுன் நான் அதைத் திறப்பதால் பில்லிங்குக்கு அடுத்த வரியிலேயே வந்துவிட்டது. அதை எடுத்துவிடச் சொல்லி சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே கேட்டேன். "ரைட் கிளிக் பண்ணி ரிமூவ் கொடுத்தாச்சு அண்ணாச்சி, இனி வராது" என்றார். வந்தது. ரிமூவ் கொடுத்தாலும் மறுபடி திறக்கத் திறக்க அது மேலே ஏறும். இதைத் தெரிந்துகொள்ளாமலே காசு வாங்கிப் போனார்.

கூட்ட நேரத்தில் கவுண்டர் தம்பி பில்லிங் என்று நினைத்து அதைத் திறந்து, கேட்டதற்கெல்லாம் என்டர் தட்டியிருக்கிறான். முந்தின இரவின் பேக்கப் ஏறிவிட்டது. காலையிலிருந்து போட்ட பில் ஒன்றுகூட இல்லை. கார்பன் நகல்களை வைத்து நானும் வீட்டம்மாவும் பேட்ச் எண், காலாவதித் தேதி உட்பட நள்ளிரவு தாண்டியும் ஏற்றினோம். தம்பியை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வரி அங்கே இருந்திருக்கவே கூடாது.

மறுநாள் அதே சர்வீஸ்காரர் ஸ்டார்ட் மெனு ப்ராப்பர்ட்டீஸில் பிரைவசி டிக்கை எடுத்தார். பட்டியல் மொத்தமும் காலி, பில்லிங்கும் சேர்ந்து. அந்த டிக்கை நானே திரும்பப் போட்டேன்.

சரியான வழி ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. ரெஜ்எடிட்டைத் திறந்து, முதலில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். ஹெச்கீ கிளாசஸ் ரூட்டில் அப்ளிகேஷன்ஸ், அதற்குள் உங்கள் புரோகிராமின் எக்ஸி பெயர். இல்லையென்றால் அந்தப் பெயரில் புதுக் கீ. அதில் 'நோஸ்டார்ட்பேஜ்' என்று, ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல், ஒரு ஸ்ட்ரிங் வேல்யூ. மதிப்பு எதுவும் வேண்டாம். லாக் ஆஃப் செய்து வாருங்கள். எத்தனை முறை திறந்தாலும் இனி அது பட்டியலுக்கு வராது. ஆல் புரோகிராம்ஸில் இருக்கும். பில்லிங்குக்கும் பேக்கப்புக்கும் ஒரே எக்ஸி என்றால் இதைச் செய்யாதீர்கள், இரண்டும் மறைந்துவிடும்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு சப்போர்ட் முடிந்துவிட்டது, கம்ப்யூட்டரையே மாற்றுங்கள் என்கிறார்கள். என் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் பில்லிங்கும் இதில்தான் ஓடுகின்றன. இன்டர்நெட் இணைப்பைக் கழற்றி வைத்திருக்கிறேன். மாற்றப் போவதில்லை.