நான்கு எண்களும் ஓர் என்ஜினும்
எரிதல் பாடத்துக்கு ஒரு வகுப்பறைச் செயல்பாடு

முழுமையான எரிதல், முழுமையற்ற எரிதல் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் தேர்வில் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வண்டியின் புகைப் பரிசோதனைச் சீட்டைக் கொடுத்து, "இந்த என்ஜினுக்குள் என்ன நடக்கிறது?" என்று கேட்டால் தயங்குகிறார்கள். அந்த இடைவெளியைக் குறைக்க நான் இரண்டு பாடவேளைகளில் நடத்திய செயல்பாடு இது. மூன்று அட்டைகளும் கரும்பலகையும் போதும்.

எதற்காகக் கிட் கார்?

இங்கிலாந்தில் காரைப் பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவற்றைக் கிட் கார் என்பார்கள். 1957இல் வந்த லோட்டஸ் செவன் இவற்றுள் புகழ்பெற்றது. முழுக் காருக்கு இருந்த விற்பனை வரி அப்போது பாகங்களுக்கு இல்லை என்பதும் இவ்வழக்கம் பரவ ஒரு காரணம். இத்தகைய காரில் என்ஜின் ஒரு வண்டியிலிருந்தும், கார்புரேட்டர் வேறொன்றிலிருந்தும் வந்திருக்கலாம்; புகைக்குழாய் வீட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இந்தக் கலவைக்கென்று பழுதுநீக்கும் கையேடு கிடையாது. பரிசோதனையில் தோற்றால், வேதியியலைக் கொண்டு யோசித்தே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பறைக்கு நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணமும் அதுதான்.

முதல் பாடவேளை: சமன்பாட்டிலிருந்து சீட்டுக்கு

பெட்ரோலுக்குப் பதிலாக ஆக்டேனை எடுத்துக்கொண்டோம்.

2C₈H₁₈ + 25O₂ → 16CO₂ + 18H₂O

228 கிராம் ஆக்டேனுக்கு 800 கிராம் ஆக்சிஜன் தேவை. காற்றின் நிறையில் ஆக்சிஜன் ஏறத்தாழ 23 சதவீதம். எனவே 1 கிராம் ஆக்டேன் முழுமையாக எரியச் சுமார் 15 கிராம் காற்று வேண்டும் என்று மாணவர்களே கணக்கிட்டனர். பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை என்பதால், அதற்கு இந்த அளவு 14.7 எனக் கொள்ளப்படுகிறது என்பதை நான் சேர்த்தேன்.

பிறகு நான்கு வாயுக்களும் என்ன சொல்கின்றன என்பதைப் பலகையில் எழுதினோம்.

கார்பன் மோனாக்சைடு: மிகுந்தால் காற்று போதவில்லை.
ஹைட்ரோகார்பன்: மிகுந்தால் எரிபொருள் எரியாமலே வெளியேறுகிறது.
கார்பன் டைஆக்சைடு: மிகுந்தால் எரிதல் நன்றாக நடக்கிறது.
ஆக்சிஜன்: மிகுந்தால் பயன்படாத காற்று எங்கோ சேர்கிறது.

இரண்டாம் பாடவேளை: மூன்று அட்டைகள்

பிரிட்டனில் 1986 ஆகஸ்ட் முதல் 1992 ஜூலை வரை முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த பெட்ரோல் கார்களுக்கான வரம்பைப் பயன்படுத்தினேன்: கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1200 பிபிஎம். அட்டைகளில் உள்ள அளவீடுகள் பயிற்சிக்காக நான் உருவாக்கியவை.

அட்டை 1: கார்பன் மோனாக்சைடு 6.5%, ஹைட்ரோகார்பன் 450, கார்பன் டைஆக்சைடு 10.2%, ஆக்சிஜன் 0.3%.
அட்டை 2: கார்பன் மோனாக்சைடு 0.3%, ஹைட்ரோகார்பன் 1900, கார்பன் டைஆக்சைடு 10.4%, ஆக்சிஜன் 5.8%.
அட்டை 3: கார்பன் மோனாக்சைடு 2.6%, ஹைட்ரோகார்பன் 360, கார்பன் டைஆக்சைடு 7.4%, ஆக்சிஜன் 7.2%.

முதல் அட்டையை எல்லாக் குழுக்களும் எளிதாகக் கண்டுபிடித்தன. எரிபொருள் அதிகம், காற்று குறைவு. அழுக்கேறிய காற்று வடிகட்டி, மூடியபடி சிக்கிக்கொண்ட சோக், கார்புரேட்டரின் மிதவை அறையில் உயர்ந்துவிட்ட பெட்ரோல் மட்டம் ஆகியவை காரணமாகலாம்.

இரண்டாவது அட்டையில் விவாதம் எழுந்தது. காற்று அதிகமாக இருந்தும் எரிபொருள் ஏன் எரியவில்லை? கலவை அளவுக்கு மீறி மெலிந்தால் தீ பரவாது. சில சுற்றுகளில் எரிதலே தவறிவிடும். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டில் கசிவு இருந்தால் இப்படி நேரும். ஸ்பார்க் பிளக் பழுதானாலும் ஹைட்ரோகார்பனும் ஆக்சிஜனும் உயரும். ஆனால் எரியும் சுற்றுகளில் கலவை வழக்கம்போல் இருப்பதால் கார்பன் மோனாக்சைடு இவ்வளவு குறையாது.

மூன்றாவது அட்டைதான் இப்பாடத்தின் உயிர். இரு எண்களும் வரம்புக்குள் இருப்பதால் பெரும்பாலான குழுக்கள் 'தேர்ச்சி' என்று எழுதின. ஒரு மாணவி மட்டும், "காத்து பத்தலைன்னு ஒரு எண் சொல்லுது, காத்து மிச்சம்னு இன்னொண்ணு சொல்லுது. ரெண்டும் எப்படி சார் உண்மையாகும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் கேள்வியை வகுப்பிடமே விட்டேன். ஹைட்ரோகார்பன் குறைவாக இருப்பதால் எரிதல் தவறவில்லை. அப்படியானால் அந்தக் காற்று என்ஜினுக்குள் போகவே இல்லை. எரிந்து முடிந்த பிறகு, புகைக்குழாய் இணைப்பில் உள்ள ஓட்டை வழியே கலந்திருக்கிறது என்ற முடிவுக்கு அவர்களே வந்தனர்.

கணக்கு இதை உறுதிசெய்தது. எரிபொருள் மிகுந்த கலவையில், வெளிக்காற்று கலக்காத புகையில் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து ஏறத்தாழ 15 சதவீதம் இருக்கும். இங்கே கூடுதல் 10தான். 2.6 × 15 ÷ 10 = 3.9. உண்மை அளவு வரம்பைத் தாண்டுகிறது. ஓட்டையை அடைத்தால் கார் 'தோற்கும்'. ஆனால் அப்போதுதான் உண்மையான பழுது கண்ணுக்குத் தெரியும்.

ஆசிரியர் கவனத்துக்கு

ஒவ்வோர் அட்டைக்கும் "முதலில் எதைப் பார்ப்பாய், ஏன்?" என்று எழுத வைக்கவும். செலவில்லாமல் கண்ணால் பார்க்கக்கூடியவை முதலில் வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, மறுபடி அளக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

செயல்விளக்கத்துக்காக மூடிய இடத்தில் என்ஜினை இயக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் ஹீமோகுளோபினோடு பிணைகிறது.

தொடர்பணி: வீட்டில் இருக்கும் இருசக்கர வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றைப் பார்த்து, அளவீட்டையும் வரம்பையும் குறித்து வரச் சொல்லலாம். வண்டி தயாரான காலத்தைப் பொறுத்து வரம்பு மாறும்.

மதிப்பீட்டு வினா: "சான்றில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வரம்புக்குள் உள்ளன. என்ஜின் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? வேறு எந்த இரு அளவீடுகளைக் கேட்பாய்?"

இந்த வினாவுக்குக் காரணத்துடன் விடை எழுதும் மாணவருக்கு எரிதல் புரிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.